வாயிற் சிங்கமும் புகைப்படமும்

கவிதையையும் கதையையும் திறனாய்வு செய்ய நம்மிடையே பலர் உண்டு. அவர்தம் கட்டுரைகளை இம்மலரின் ஏனைய பக்கங்களில் அன்பர்கள் காணலாம். ஆனால் அயலூரில் வாழும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் புகைப்படங்களை எவரும் திறனாய்வு செய்வதில்லை. “நன்றாக இருக்கிறது” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களில் கடிதத்தின் இடத்தையும், சில வேளைகளில் வருகையின் இடத்தையும் இன்று பிடித்திருப்பது புகைப்படமே. அவ்வளவு முக்கியமான ஒன்றை ஆராயாமல் விடுவது முறையன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரிலுள்ள கலைக்கூடத்தின் வாயிலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. அங்கே வேலைக்குச் சென்றிருக்கும் என் தமக்கை மகன், ஓராண்டுக் காலத்தில் அவற்றை 11 முறை படம் எடுத்து எனக்கு அனுப்பினான். அந்தப் 11 படங்களும், அவற்றின் வழியே நான் அறிந்த அந்தச் சிங்கங்களுமே இக்கட்டுரையின் பொருள்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சிகாகோவைக் கண்டதில்லை. தில்லியில் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணிபுரியும் எனக்கு, விடுமுறைப் பயணச் சலுகையில் தெற்கே கன்னியாகுமரியும் கிழக்கே காசியுமே எல்லைகள். ஆகவே சிலையைப் பற்றி நான் கூறும் ஒவ்வொரு சொல்லும் படத்தின் வழியாக வந்த சொல்லே. அது குறைதான். ஆயினும், படம் எதைக் காட்டியது, எதை மறைத்தது என்று கேட்டுக்கேட்டு அறிய வேண்டிய கட்டாயம் அக்குறையினாலேயே எனக்கு வாய்த்தது.

சிற்பியும் சிங்கமும்

இச்சிங்கங்களை வடித்தவர் எட்வர்டு கெமிசு என்னும் அமெரிக்கச் சிற்பி. 1843இல் பிறந்து 1907இல் மறைந்தவர். உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையில் பணிபுரிந்தவர். சிற்பக் கலையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டவர். நியூயார்க் நகரின் நடுப்பூங்காவில் பாறை மீது பதுங்கிப் பாயக் காத்திருக்கும் சிறுத்தை ஒன்றை அவர் 1883இல் அமைத்தார். அதனை இன்றும் காணலாம். அவர் விரும்பி வடித்தவை ஓநாய், காட்டெருமை, மலைச்சிறுத்தை முதலான அமெரிக்க விலங்குகள். அந்நாட்டுக்கு உரித்தல்லாத சிங்கம் அவர் கைக்கு வந்தது, ஒரு கலைக்கூடத்துக்குக் காவல் வேண்டியிருந்தமையால்தான்.

செல்வச் சீமாட்டி ஒருவரின் கொடையாக வந்த இவ்விரு சிங்கங்களும் 1894ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 2 டன்னுக்கு மேற்பட்ட எடை உடையது. நூறாண்டுக்கு மேலாக மழையிலும் பனியிலும் நின்றமையால் வெண்கலம் பச்சை படர்ந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டையும் பீடத்தினின்று பெயர்த்தெடுத்துச் சென்று, தூய்மை செய்து, மெழுகு பூசி மீண்டும் கொணர்ந்து நிறுத்தினார்கள்.

உலகின் புகழ்பெற்ற வாயிற் சிங்கங்கள் பல படுத்திருப்பவை. இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் 1867இல் அமைத்த நான்கும் அவ்வாறே. நியூயார்க் பொது நூலகத்தின் முன் 1911 முதல் இருக்கும் பளிங்குச் சிங்கங்களும் அவ்வாறே. படுத்த சிங்கம் மன்னனைப் போன்றது. தன் ஆற்றலை மெய்ப்பிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. சிகாகோச் சிங்கங்களோ நிற்கின்றன. நிற்பவன் பணியில் இருப்பவன். வாயிற்காவலுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

இவற்றின் தலையாய சிறப்பு, இரண்டும் ஒன்று போலில்லாமையே. காவற் சிலைகளை இணையாக வைக்கும்போது, கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல் ஒன்றைத் திருப்பி மற்றொன்றைச் செய்துவிடுவது எளிது. கெமிசு அவ்வாறு செய்யவில்லை. தெற்கே நிற்பது தொலைவில் எதனையோ கண்டு, அசையாமல் எதிர்த்து நிற்கிறது. வடக்கே நிற்பது முதுகை உயர்த்தி, முழங்கிப் பாய்வதற்கு முற்பட்ட நிலையில் இருக்கிறது. முன்னதில் கவனம், பின்னதில் செயலின் தொடக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் காவல் என்னும் தொழில் முழுமையாகப் புலப்படுகிறது. பார்ப்பது பாதி, புறப்படுவது பாதி. சீன நாட்டு வாயிற் சிங்கங்களிலும் ஆண் ஒன்று பந்தின் மீது கால் வைத்திருக்கும், பெண் ஒன்று குட்டியைக் காலடியில் காத்திருக்கும். அங்கும் இணை என்பது இரட்டிப்பு அன்று; பொருட்பிரிவு.

ஒரு பிழைதிருத்தம்

இங்கே நம்மவர்க்குத் தொடர்புடைய செய்தி ஒன்றைக் கூறியாக வேண்டும். இக்கலைக்கூடத்தின் கட்டடத்திலேதான் 1893 செப்டம்பர் 11ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் உலகச் சமயப் பேரவையில் தம் முதல் உரையை நிகழ்த்தினார். அவ்வாண்டு நடந்த உலகப் பொருட்காட்சியின் மாநாடுகள் முதலில் அங்கு நடந்தன. கட்டடம் பின்னரே கலைக்கூடமாயிற்று. சுவாமிகளை அந்நாட்டுக்கு அனுப்பி வைத்ததில் தமிழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பொருள் திரட்டினர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் ஊக்கமும் உதவியும் அளித்தார்.

இதனை வைத்து, “இந்தச் சிங்கங்களின் நடுவேதான் அந்தச் சிங்கம் நடந்து சென்றது” என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையன்று. சுவாமிகள் உரையாற்றியது 1893 செப்டம்பரில். சிங்கங்கள் நிறுவப்பட்டது 1894 மே மாதத்தில். அவர் படியேறியபோது அங்கே காவல் இல்லை. என் தமக்கை மகன் அனுப்பிய முதற் படத்தின் கீழும் இதே பிழை இருந்தது. திருத்தி எழுதினேன். “மாமா, ஒரு வரியையும் விடமாட்டீர்களா?” என்று கேட்டான். கோப்பில் ஒரு தேதி தவறினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

படங்களின் குறைகள்

இனிப் படங்களுக்கு வருவோம்.

முதற் படம் கிறிஸ்துமஸ் காலத்தில் எடுத்தது. அப்பருவத்தில் சிங்கங்களின் கழுத்தில் பசிய இலைவளையம் அணிவிப்பது அவ்வூர் வழக்கம். படத்தில் வளையத்தின் பாதியும், சிங்கத்தின் தாடையும், அவற்றை மறைத்துக்கொண்டு என் தமக்கை மகனின் முகமும் இருந்தன. கையை நீட்டித் தானே எடுத்துக்கொண்ட படம். ஆதலால் முகம் பெரிதாகவும் தோள் வளைந்தும் காணப்பட்டன. சிங்கம் பின்னணித் திரையாகிவிட்டது. “இது சிங்கத்தின் படமா, உன் படமா?” என்று கேட்டு எழுதினேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நான்கு படங்களிலும் தன்னை நீக்கிவிட்டுச் சிங்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினான். நான்கிலும் சிங்கம் கரிய நிழலாக இருந்தது. காரணம் ஆராய்ந்தோம். கலைக்கூட வாயில் மேற்கு நோக்கியது; ஏரி கிழக்கே இருக்கிறது. காலையில் அலுவலகம் செல்லும் வழியில் எடுத்தால், கதிரவன் சிங்கத்துக்குப் பின்னால் இருக்கிறான். மேலும் சிங்கம் உயர்ந்த பீடத்தில் நிற்பதால் கீழிருந்து அண்ணாந்து எடுக்கும்போது வெளிறிய வானமே படத்தில் பெரும்பகுதி ஆகிறது. கேமரா மொத்த ஒளியையும் சராசரி கண்டு, வானத்துக்கு ஏற்ப அளவிட்டுக்கொள்கிறது. இருண்ட வெண்கலம் மேலும் இருண்டுவிடுகிறது. பிற்பகலில் போகும்படியும், சிங்கத்தின் உடலைத் தொட்டு ஒளியளவைக் குறித்துக்கொள்ளும்படியும் கூறினேன். தொடுவது கைபேசித் திரையில்தான். ஆறாம் படத்தில் முதன்முறையாகப் பிடரிமயிரின் மடிப்புகள் தெரிந்தன. சிற்பி மயிரை இழை இழையாகக் கீறாமல், திரள் திரளாக அள்ளி வைத்திருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதற்கு முன் ஐந்து படங்களைப் பார்த்தும் அறிந்திலேன்.

கீழிருந்து எடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கைபேசியின் அகன்ற வில்லை அருகிலுள்ளதைப் பெரிதாக்கும். பீடத்தினடியில் நின்று எடுத்தால் முன்கால் தூண் போலவும் தலை சிறுத்தும் தோன்றும். தாடையும் திறந்த வாயுமே கண்ணுக்குப் படும். சாந்தமான சிங்கமும் சினந்ததாகத் தெரியும். 2022 ஜூலை 11ஆம் நாள் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் நிறுவப்பட்ட தேசியச் சின்னத்தைப் பற்றி எழுந்த விவாதத்தை அன்பர்கள் அறிவர். 6.5 மீட்டர் உயரமும் 9,500 கிலோ எடையும் உடைய அவ்வெண்கலச் சிங்கங்களின் முகத்தில் கடுமை மிகுந்துவிட்டது என்றனர் ஒரு சாரார். கீழிருந்து பார்ப்பதாலும் படம் எடுத்த கோணத்தாலும் அவ்வாறு தோன்றுகிறது என்றனர் மறு சாரார். அரசு ஊழியனாகிய நான் அதில் தீர்ப்புக் கூறுவது நடத்தை விதிகளுக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்று உறுதி. ஒரு சிங்கத்தின் குணத்தைப் பற்றி நாடே விவாதித்தபோது, எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

ஏழாம் படத்தைச் சாலையின் மறுபுறத்திலிருந்து, இழுத்துப் பெரிதாக்கி எடுத்தான். உடலுக்கும் தலைக்கும் உள்ள அளவுப் பொருத்தம் அப்போது சரியாக அமைந்தது. படிகளில் ஏறி நின்று பக்கவாட்டில் எடுத்த ஒன்பதாம் படத்தில் விலா எலும்புகளின் மீது தோல் இழுபட்டிருப்பது தெரிந்தது. எடுப்பவன் இடம் பெயரப் பெயர, பார்ப்பவனுக்குச் சிலை வளர்ந்துகொண்டே வந்தது.

காணாத சிங்கம்

இடையே எட்டாம் படம் ஒன்று உண்டு. இரண்டு சிங்கங்களையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்று நான் கேட்டதற்காக எடுத்தது. நடுவே அகன்ற படிக்கட்டும், மூன்று வளைவுகளுடைய முகப்பும் விரிந்திருக்க, இரு ஓரங்களிலும் இரண்டு பூனைகளைப் போல் அவை நின்றன. ஒன்றை எடுத்தால் இணை போய்விடுகிறது. இரண்டையும் எடுத்தால் சிங்கம் போய்விடுகிறது. இதற்கு எந்தக் கேமராவாலும் தீர்வு காண இயலாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் காசி யாத்திரையின்போது குடும்பத்துடன் சாரநாத்துக்குச் சென்றிருந்தேன். 1904-05ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வாய்வில் கிடைத்த அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகோடு முதுகு சேர்ந்த நான்கு சிங்கங்கள். 1950 சனவரி 26 முதல் அதுவே நம் நாட்டின் சின்னம். பணியில் சேர்ந்த நாள் முதல் என் மேசைக்கு வரும் தாள்களிலெல்லாம் அச்சின்னத்தைக் கண்டு வருகிறேன். தாளில் இருப்பவை மூன்று சிங்கங்களே. நான்காவது பின்புறம் இருக்கிறது என்று பள்ளியில் படித்திருந்தும், அதனைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்த்தவனல்லேன். அன்று அச்சிற்பத்தைச் சுற்றி வந்து, மறுபுறம் நின்றபோது, திடுக்கிட்டேன் என்றே சொல்ல வேண்டும். அங்கும் மூன்று சிங்கங்கள் நின்றன. ஆனால் நான் முன்பக்கம் கண்ட ஒன்று இப்போது மறைந்திருந்தது. எங்கே நின்றாலும் ஒரு சிங்கம் காணாமற்போகிறது. கால் நகர்ந்தால்தான் அது கிடைக்கிறது.

புகைப்படத்தின் இயல்பே இதுதான் என்று கருதுகிறேன். ஒவ்வொரு படத்திலும் ஒரு நான்காவது சிங்கம் உண்டு. நல்ல படம் அது இல்லையென்று பொய் கூறாது. பின்னால் ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தைப் பார்ப்பவன் மனத்தில் விட்டுச் செல்லும். அவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கலாம்.

தமக்கையின் மறுப்பு

இவ்வளவு தூரம் வந்த பிறகு, என் திறனாய்வுக்கு எதிராக எழுந்த ஒரு திறனாய்வைக் குறிப்பிடாமற்போனால் நேர்மை ஆகாது.

பொங்கல் விடுமுறையில் தமக்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முதற் படத்தைக் காட்டி, அதன் குறைகளை விளக்கினேன். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவ்வளவு பனியில் கையுறை போடாமல் நிற்கிறான், பார்த்தாயா தம்பி?” என்றார்.

நான் பார்க்கவில்லை. பலமுறை அப்படத்தை ஆராய்ந்தும் நீட்டிய கையின் மணிக்கட்டும் படத்தின் ஓரத்தில் சிவந்து தெரிந்த விரல்களும் என் கண்ணில் படவே இல்லை. “கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. சரியாகத் தூங்குவதில்லை போலும்” என்று மேலும் கூறினார். அன்றிரவே மகனுடன் பேசினார். அந்த மாதங்களில் அவனுக்கு வேலையில் நெருக்கடி இருந்ததும், உடனிருந்த நண்பர் ஊர் திரும்பிவிட்டதால் தனியே சமைத்து உண்ணவும் மனமின்றி இருந்ததும் அப்போதுதான் வெளிவந்தன. என்னிடம் அவன் ஒன்றும் கூறியிருக்கவில்லை. நான் அவனிடம் கேட்டதெல்லாம் சிங்கத்தைப் பற்றித்தான்.

“உனக்கு அது சிங்கத்தின் படம். எனக்கு அது என் பிள்ளையின் படம். நீ அவனை நீக்கிவிடச் சொன்னாயே” என்றார் தமக்கை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் அவர் பெட்டியிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். எங்கள் தந்தையாரின் படம். 1974இல் தில்லிக்கு எழுத்தராகப் பணியேற்று வந்த அவர், மறுவருடம் இந்தியா கேட்டின் முன் நின்று எடுத்து ஊருக்கு அனுப்பியது. படமெடுத்தவர் 42 மீட்டர் உயரமுள்ள வளைவு முழுவதையும் அடக்கிவிட்டார். தந்தையார் அரிசி அளவில் அடியில் நிற்கிறார். இதைக் கண்ட எங்கள் பாட்டி, “வாசல் நன்றாக இருக்கிறது. என் பிள்ளை எங்கே?” என்று கேட்டாராம். குடும்பத்தில் பலகாலம் சொல்லிச் சிரித்த கதை அது. எனக்கும் தெரிந்த கதைதான். அதே பிழையைச் செய்யும்படி அவருடைய பேரனுக்கு நான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாமற்போயிற்று.

அப்படியானால் முதற் படமே நல்ல படமா? அவ்வாறும் கூறுவதற்கில்லை. அதில் சிங்கம் இல்லை, சிகாகோவும் இல்லை. அம்முகத்தைத் தில்லியிலும் எடுத்திருக்கலாம். பாட்டியின் கேள்வியும் என் கேள்வியும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. இரண்டுக்கும் விடை கூறும் படம் எது என்பதே ஆராயத்தக்கது.

இரண்டு நல்ல படங்கள்

பத்தாம் படமும் பதினோராம் படமும் ஒரே மாலையில் எடுத்தவை. செப்டம்பர் 22ஐ ஒட்டிய நாள், நம் கணக்கில் புரட்டாசித் தொடக்கம். ஆண்டில் இருமுறை, மார்ச்சு மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும், கதிரவன் நேர்மேற்கில் மறையும். சிகாகோவின் தெருக்கள் திசை பிசகாமல் கிழமேலாகவும் தென்வடலாகவும் அமைந்தவை. கலைக்கூட வாயிலுக்கு நேர் எதிரே ஆடம்சு தெரு மேற்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே அந்நாள்களில் மறையும் கதிர், தெருவின் இருபுறக் கட்டடங்களுக்கு நடுவே புகுந்து வந்து சிங்கங்களின் முகத்தில் விழுகிறது.

பத்தாம் படத்தை அவன் கதவருகே, சிங்கங்களுக்குப் பின்னால் நின்று எடுத்தான். சிங்கத்தின் முதுகும் வாலும் அருகே தெரிகின்றன, முகம் தெரியவில்லை. அதற்கப்பால் பொன்னிறமாகிய தெரு; அத்தெருவை நோக்கிச் சிங்கம் நிற்கிறது. கீழே நாலைந்து பேர் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காவல் நிற்பவன் எதைப் பார்க்கிறான் என்பதைக் காட்டிய ஒரே படம் இதுதான். கலைத்திறத்தால் 11 படங்களிலும் இதற்கே முதலிடம் தருவேன்.

பதினோராம் படத்தை வழிப்போக்கர் ஒருவர் எடுத்தார். தெற்குச் சிங்கத்தின் பீடத்தருகே, சற்று ஓரமாக, என் தமக்கை மகன் நிற்கிறான். சிங்கத்தை மறைக்கவில்லை, அரிசி அளவிலும் இல்லை. அவன் தலை பீடத்தின் அளவுக்கு வருவதைக் கொண்டே சிங்கத்தின் பேருருவை முதன்முதலாக உணர்ந்தேன். முந்தைய பத்துப் படங்களிலும் அளவுகோல் இல்லை. சிலைக்கு அருகே மனிதன் நிற்பது குற்றமன்று. சிலையின் உண்மையைச் சொல்ல அவன் தேவைப்படுகிறான். குற்றம், அவன் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. தமக்கை இப்படத்தைப் பார்த்து, “உடம்பு தேறியிருக்கிறது” என்றார். இருவருக்கும் வேண்டியது கிடைத்தது.

உள்ளே இருப்பவர்

ஒன்று எஞ்சியிருக்கிறது. வாயிற்காவலைப் படம் எடுத்துவிட்டு வாயிலோடு திரும்புவது முறையா? ஓராண்டாக அப்படிகளில் ஏறி இறங்கியவன், ஒருமுறையும் உள்ளே சென்றதில்லை என்பதை அந்த மாலையில்தான் அறிந்தேன். நுழைவுக் கட்டணம் மிகுதி என்றான். நானும் ஒருநாளும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. காவற்சிலை தன்னைப் பார்க்கச் சொல்வதில்லை. உள்ளே அருமையான ஒன்று இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நம் கோயில்களில் துவாரபாலகரை வணங்கிவிட்டு எவரும் வீடு திரும்புவதில்லை.

அவ்வார இறுதியில் சீட்டு வாங்கிக்கொண்டு சென்றான். மதியத்துக்குள் என்னை அழைத்தான். இங்கே நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. “மாமா, இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்” என்றான். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கருங்கற் புத்தர்; நாகப்பட்டினத்தினின்று சென்றவர்; ஏறக்குறைய 160 செண்டிமீட்டர் உயரம்; மடியில் கைகளை வைத்துத் தியானத்தில் அமர்ந்த கோலம். எங்கள் பூர்விக ஊர் நாகைக்கு மேற்கே உள்ளது. இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னர் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பியதையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னன் அளித்ததையும் செப்பேட்டால் அறிகிறோம். அந்த மண்ணில் இருந்தவர், ஏரிக்கரை நகரத்தில், இரண்டு வெண்கலச் சிங்கங்களின் காவலுக்குள் அமர்ந்திருக்கிறார்.

படம் அனுப்பச் சொல்லவா என்று ஒரு கணம் எண்ணினேன். பிறகு, “முதலில் சற்று நேரம் எதிரில் உட்கார்ந்திரு” என்றேன். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததாகப் பின்னர்க் கூறினான். அந்தப் பன்னிரண்டாம் படம் இன்றுவரை எடுக்கப்படவில்லை. அது குறையாக எனக்குத் தோன்றவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். எங்கள் தந்தையாரின் படத்தின் பின்புறத்தில், நீல மையில், இடமும் மாதமும் ஆண்டும் எழுதியிருக்கின்றன. ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் அப்படம் பேசுவதற்கு அவ்வொரு வரியே காரணம். கைபேசியில் வரும் படத்துக்குப் பின்புறம் இல்லை. ஆகவே பதினோராம் படத்தைத் தாளில் அச்சிட்டு, அதன் பின்னால் சிகாகோ, புரட்டாசி, ஆண்டு, தெற்குச் சிங்கம் என்று எழுதித் தமக்கையிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, என் பேனாவைக் கேட்டு, அடியில் ஒரு சொல் சேர்த்தார்: “நலம்.”